மந்திரியாகாமல் ஊர் திரும்பிய என் மகன்

வில்டன்பாக்,
டிசம்பர், ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பின்.

என் வணக்கத்துக்கும் அன்புக்கும் உரிய லீனா அக்காவுக்கு, உன் ஒரே தம்பி அல்ஃபோன்ஸ் ஹாக்மன் எழுதிக்கொள்வது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் நலம். அங்கே உன் நெஞ்சுச் சளியும், மடத்துத் தலைவி அம்மாவின் காதும், உங்கள் கோழிகளும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவலாக இருக்கிறேன். நீ அனுப்பிய மூலிகைத் தேயிலை வந்து சேர்ந்தது. குடித்தேன். நன்றி. இனி அனுப்ப வேண்டாம்.

மடத்துக்கு வரும் செய்தித்தாளில் முக்கியமான பக்கத்தை யாரோ கோழிக்கூண்டில் விரித்துவிட்டார்கள் என்றும், புதன்கிழமை காலை முழுக்கப் பதினேழு சிஸ்டர்கள் முழந்தாளிட்டு ஜெபித்ததற்கு என்ன பலன் என்று தெரியாமல் தவிக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்: பையன் தேறவில்லை. மூன்று ஓட்டு. பதினேழு பேர் ஜெபித்தும் மூன்று ஓட்டு எப்படிக் குறைந்தது என்று நீதான் மேலிடத்தில் விசாரித்துச் சொல்ல வேண்டும். நான் ரயில்வே தொழிற்சங்கக்காரன், எனக்கு அங்கே செல்வாக்கு கிடையாது.

பையன் என்று எழுதிவிட்டேன். கீடோவுக்கு ஐம்பத்தெட்டு வயதாகிறது, தலையில் முடி இல்லை, பத்தொன்பது வருடமாக பேர்னில் நாடாளுமன்ற உறுப்பினர். இருந்தாலும் எனக்கு எண்பத்திரண்டு ஆவதால் அவன் பையன்தான். அதோடு நடந்ததை நீ முழுதாகப் புரிந்துகொள்ள வேண்டுமானால் நான் பழையதிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் நீ மடத்துக்குப் போன பிறகு பிறந்தவன் அவன்; உனக்கு அவனைக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் மட்டும்தான் தெரியும்.

இவன் லிபரல் கட்சிக்குப் போவான் என்பது அவனுடைய பதினோராவது வயதிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மே தின ஊர்வலத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். நான் கொடி பிடித்திருக்கிறேன், முன்னால் பேண்டு, பின்னால் முந்நூறு தொழிலாளர்கள். பாலத்தைத் தாண்டும்போது இவன் என் சட்டையை இழுத்து, “அப்பா, ஏன் எல்லாரும் ஒரே பக்கமா நடக்கணும்? அந்தப் பக்கம் நடக்க ஆசைப்படறவங்க அந்தப் பக்கம் நடக்கலாமே?” என்று கேட்டான். பக்கத்தில் வந்த தோழர் சிரித்தார். பையனுக்குக் கால் வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து நான் ஒரு சாசேஜ் வாங்கிக் கொடுத்தேன். கால் வலி இல்லை, அக்கா. அதுதான் ஆரம்பம். மாநில உதவித்தொகையில் சட்டம் படிக்கப் போனவன், பத்தொன்பதாவது வயதில் ஒரு சனிக்கிழமை வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், “அப்பா, நான் லிபரல் கட்சியில சேந்துட்டேன்” என்றான். “உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்றேன். “நல்லாத்தான் இருக்கேன்.” “முதலாளிங்க கட்சிடா அது!” “இல்லப்பா. ஒவ்வொருத்தனும் தன் வாழ்க்கையைத் தானே தீர்மானிக்கணும்னு நெனைக்கிறவங்க கட்சி.” “நான் தீர்மானிச்ச வாழ்க்கையிலதானேடா நீ சாப்பிட்டு வளந்த!” என்று நான் எழுந்தேவிட்டேன். என் பெர்த்தா, அவள் ஆன்மா இளைப்பாறட்டும், தலையைத் திருப்பாமலே, “சேந்தா சேந்துட்டுப் போறான். சூப் ஆறுது, ரெண்டு பேரும் உக்காருங்க” என்றாள். தொழிற்சங்கக் கொடியை நான் எட்டாக மடித்து வைத்திருந்த அலமாரியிலேயே அவன் கட்சியின் நோட்டீஸ் கட்டையும் அவள் வைத்தாள். நடுவில் ஒரு மேசைவிரிப்பை எல்லைக்கோடாகப் போட்டாள். அவள் சாகும் வரை அந்த எல்லையை யாரும் மீறவில்லை.

இருபத்தெட்டு வயதில் ஊராட்சிக்கு நின்றான். பால் சேகரிக்கும் நிலையத்துச் சுவரில் எங்கள் சோஷலிஸ்ட் கட்சிச் சுவரொட்டியை நான் ஒட்டிக்கொண்டிருக்கிறேன், இரண்டடி தள்ளி அவன் தன் முகத்தை ஒட்டிக்கொண்டிருக்கிறான். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில், “அப்பா, பசை இருக்கா? தீந்துபோச்சு” என்றான். நான் என்ன செய்வேன்? கொள்கை என்பது ஒன்று, பையனுக்குப் பசை இல்லை என்பது இன்னொன்று. கொடுத்தேன். அந்த மழைக்காலத்தில் எங்கள் சுவரொட்டி எல்லாம் உரிந்து விழுந்தது, அவன் முகம் மட்டும் வசந்தம் வரை அங்கேயே சிரித்துக்கொண்டிருந்தது. வாளியின் அடியில் மிஞ்சியிருந்த பசைதான் கெட்டியானது என்பதை நான் கவனிக்கவில்லை. அவன் ஜெயித்தான். ஆறு வருடம் கழித்து மாநில அவைக்கும் ஜெயித்தான். நடுவில் செருப்புத் தொழிற்சாலை மேலாளரின் மகள் மார்லிஸைக் கல்யாணம் செய்துகொண்டான். அதற்கும் நான் வருத்தப்பட்டேன். இன்றைக்கு என் கால்நகம் வெட்டிவிடுகிறவள் அவள்தான், ஆகையால் அந்த வருத்தத்தை எப்போதோ திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

முப்பத்தொன்பதில் பேர்னுக்குப் போனான். எனக்கு ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. அவனுடைய முதல் கூட்டத்தொடர் அன்று காலை ரயிலில் பரிசோதகர் நான்தான். முதல் வகுப்புப் பெட்டியைத் திறக்கிறேன், ஜன்னலோரத்தில் என் மகன், புது கோட்டு, மடியில் தோல்பை. நாடாளுமன்றத்துக்காரர்களுக்கு இலவசப் பாஸ் உண்டு. “பயணச்சீட்டு, ஐயா” என்றேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. “அப்பா… சமையலறை மேசை மேல வச்சுட்டு வந்துட்டேன்.” “நான் உங்க அப்பா இல்லைங்க, இந்த வண்டியோட பரிசோதகர்.” அபராதத்தோடு சீட்டு எழுதிக் கையில் கொடுத்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு கனவான், “அப்பப்பா, என்ன கறாரான ஆளு!” என்றார். அதற்கு என் மகன், “வீட்லயும் இப்படித்தாங்க” என்றான். அன்று முதல் இன்று வரை, முதல் வகுப்புப் பாஸைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டாம் வகுப்பில்தான் போய்வருகிறான். காரணம் கேட்டால், “அங்க பரிசோதகருங்க ரொம்பக் கண்டிப்பு” என்கிறான்.

பத்தொன்பது வருடத்தில் இந்த நாட்டுக்கு அவன் என்ன செய்தான் என்று நீ கேட்கலாம். பாலத்துக் கைப்பிடி. சிரிக்காதே. பாலங்களின் கைப்பிடி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பதில் ஊருக்கு ஊர் ஒரு விதி இருந்தது. ஒரு கூட்டம் தொண்ணூறு சென்டிமீட்டர் போதும் என்றது, இன்னொரு கூட்டம் நூற்றுப்பத்து வேண்டும் என்றது. ஆறு வருடம் இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்துப் பேசி, நூறு என்று முடித்தான். இரண்டு பக்கமும் அவனோடு மூன்று மாதம் பேசவில்லை. “ரெண்டு தரப்புக்கும் ஒரே அளவு வருத்தம்னா அது நல்ல சட்டம்தான்பா” என்றான். பேர்னில் அவனுக்குக் கைப்பிடி ஹாக்மன் என்று பெயர். மார்லிஸின் விடுமுறைப் புகைப்படங்களை நீ பார்க்க வேண்டும். பின்னால் ஏரி, மலை, பூச்செடிகள். முன்னால் என் மகன் குனிந்து அளவுநாடாவால் எதையோ அளந்துகொண்டிருப்பான்.

அவனைப் பற்றி இன்னொன்று, அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ரயில்வேயின் சிறிய பழுதுபார்க்கும் பட்டறைகள் நான்கை மூடுவதற்கு ஒரு திட்டம் வந்தது. அதில் எங்கள் ஊர்ப் பட்டறையும் ஒன்று. நாற்பத்துமூன்று பேர், எல்லோரும் எனக்கு வேண்டியவர்கள். கீடோவின் கட்சி மொத்தமும் திட்டத்துக்கு ஆதரவு. அவன் ஒருவன் மட்டும் அவர்கள் வரிசையிலிருந்து எழுந்து எதிர்த்து ஓட்டுப் போட்டான். திட்டம் ஓரிரு ஓட்டில் தோற்றது, பட்டறை இன்றும் ஓடுகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை சூப் குடிக்க வந்தவனிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அடுத்த வருஷம் தேர்தல். நாப்பத்துமூணு குடும்பம். நல்லாத்தான் கணக்குப் போட்டிருக்க.” அவன் கரண்டியைக் கீழே வைத்தான். ஏதோ சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். “சூப்ல உப்பு இன்னைக்குச் சரியா இருக்குப்பா” என்று மட்டும் சொன்னான்.

சரி, புதன்கிழமைக்கு வருகிறேன். மந்திரிகளின் ஏழு நாற்காலிகளில் ஒன்று காலியானதும், கட்சி கீடோவின் பெயரை அறிவித்ததும் உனக்குத் தெரியும். ஊர் ஜனங்களுக்கு அதில் ஓட்டில்லை. பேர்னில் இரண்டு அவைகளும் கூடி, இருநூற்று நாற்பத்தாறு பேர் சீட்டில் பெயர் எழுதிப் போடுவார்கள். ஆனால் எங்கள் ஊராட்சித் தலைவர் கிஸ்லிங், ஓட்டு மட்டும்தான் இல்லை, கொண்டாட்டம் நம்முடையது என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கு விடுமுறை விட்டு, ஊர் மண்டபத்தில் பெரிய தொலைக்காட்சி வைத்தார்கள். துப்பாக்கிக் கழகத்தார் வேட்டுக் குழாய்களோடு வாசலில் நின்றார்கள். நிக்கோலாஸ் திருநாள் வாரம் ஆகையால் பேக்கர் பூட்டிக்கர், அந்த வாரம் வழக்கமாகச் சுடும் மனித உருவ ரொட்டிகளுக்குப் பதிலாக, மூக்குக்கண்ணாடியும் டையும் வைத்து, தலையில் முடிக்குப் பதில் முட்டை மஞ்சளைப் பளபளவென்று தடவி, இருநூறு கீடோக்களைச் சுட்டு அடுக்கியிருந்தார். “சாயல் வந்திருக்கா, பெரியவரே?” என்று ஒன்றை என் முகத்துக்கு நேரே நீட்டினார். வந்திருந்தது. காதுகூட.

முதல் சுற்றில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. இரண்டாவதிலும் இல்லை. ஒருவர் விலகிக்கொள்ள, கீடோவும் கிழக்கு மாநிலத்துக்காரர் ஒருவரும் மிஞ்சினார்கள். அவரும் அதே கட்சி. கட்சி அறிவிக்காத ஆள், தானாக ஓட்டு விழுந்தவர். மூன்றாம் சுற்று முடிவை வாசிக்க அவைத்தலைவர் எழுந்தார். “வழங்கப்பட்ட சீட்டுகள் இருநூற்று நாற்பத்தாறு…” என்று அவர் தொடங்க, அந்த நேரம் பார்த்து, கொண்டாட்டத்துக்கு நேரமாகிறதே என்று கிஸ்லிங் சீஸ் உருக்கும் அடுப்புகள் பன்னிரண்டையும் ஒரே சமயத்தில் போட்டார். டப்பென்று ஒரு சத்தம். தொலைக்காட்சி போய்விட்டது, விளக்கு போய்விட்டது. “ஃபியூஸ்! ஃபியூஸ்!” என்று நான்கு பேர் நான்கு பக்கம் ஓடி இடித்துக்கொண்டார்கள். மூன்று நிமிடம் கழித்துப் படம் திரும்பி வந்தபோது திரை முழுக்க என் மகன். முகம் சிவந்து, வாய் நிறையச் சிரிப்பு, யாரோ அவன் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள், யாரோ கட்டிப்பிடிக்கிறார்கள், பின்னால் ஒரு பூங்கொத்து.

“ஜெயிச்சாச்சு!” என்று பேக்கர் கத்தினார். அவ்வளவுதான். கோயில் மணி அடிக்கத் தொடங்கியது, வேட்டு வெடித்தது, பேண்டு முழங்கியது. பட்டறையில் நாற்பது வருடம் இருந்த என் நண்பன் நூஸ்பவுமர், ஊரிலேயே சிவப்பு அதிகமானவன், என்னைத் தூக்கிவிட்டான். “டேய் அல்ஃபோன்ஸ், மந்திரியோட அப்பாடா நீ! தப்பான கட்சிதான், இருந்தாலும் மந்திரிடா!” அக்கா, உன்னிடம் மறைக்க மாட்டேன். அறுபது வருடம் லிபரல்களைத் திட்டிய இந்த வாய் மூட மறுத்தது. எல்லோரும் என் கையைக் குலுக்கினார்கள், நானும் குலுக்கினேன், யாரோ வைத்த ஒயினைக் குடித்தேன், பெர்த்தா இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன், அழுதுவிட்டேன் என்றுகூட நூஸ்பவுமர் சொல்கிறான், அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

அப்போது மண்டபத்துச் சமையலறையில் தொலைபேசி அடித்து, என்னைக் கூப்பிட்டார்கள். மார்லிஸ்.

“மாமா, கேக்குதா? என்ன அங்க மணிச்சத்தம்?”

“ஊரே கொண்டாடுதும்மா! வேட்டு கேக்கலையா?”

“மாமா, அவர் தோத்துட்டார். மூணு ஓட்டு.”

“டீவியில சிரிச்சானே?”

“ஜெயிச்சவருக்குக் கை குடுத்துட்டிருந்தார். தோத்தாலும் அவர் அப்படித்தான் சிரிப்பார், உங்களுக்குத் தெரியாதா?”

தெரிந்திருக்க வேண்டும். “சாப்பிட்டானா?” என்றேன். “இன்னும் இல்ல.” “மொதல்ல சாப்பிடச் சொல்லு.”

ரிசீவரை வைத்துவிட்டு அந்தச் சமையலறையில் நின்றேன். கதவுக்கு அந்தப் பக்கம் முந்நூறு பேர் ஆடுகிறார்கள். உண்மை தெரிந்தவன் நான் ஒருவன். இன்னும் ஒரு பாட்டு முடியட்டும் என்று நின்றேன், அக்கா. பிறகு இன்னும் ஒன்று. உருகிய சீஸ் வாசனை வந்துகொண்டிருந்தது. அந்த இரண்டு பாட்டு நேரம் அவன் மந்திரியாக இருந்தான். பிறகு மேடைக்குப் போனேன். நான் பேசப் போகிறேன் என்று கிஸ்லிங் எல்லோரையும் கையமர்த்தி, “மந்திரியின் தந்தை!” என்று அறிவித்தார். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, “பையன் தேறல” என்றேன். “மூணு ஓட்டுல போச்சு. தோத்தவன்தான் அங்க சிரிச்சுட்டு நின்னான். பேண்டை நிறுத்துங்க.” பேண்டு நின்றுவிட்டது. மணி நிற்கவில்லை. கோபுரத்தில் இருப்பவருக்கு யாரும் போய்ச் சொல்லவில்லை. இல்லாத மந்திரிக்கு இன்னும் கால்மணி நேரம் அடித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஐந்து மணி வண்டியில் அவன் வருவதாக ஏற்பாடு. போவதா வேண்டாமா என்று ஒரே விவாதம். ஜெயித்தவருக்கு வரவேற்பு நிகழ்ச்சிநிரல் தயார், தோற்றவருக்கு ஒன்றும் இல்லை, அவனுக்கும் சங்கடமாக இருக்கும் என்று கிஸ்லிங் சொன்னார். நூஸ்பவுமர் மேசையைத் தட்டினான். “எங்க பட்டறையை மூட வந்தப்ப அவன் நிகழ்ச்சிநிரல் பாத்தா எந்திரிச்சான்? வாங்கடா ஸ்டேஷனுக்கு!” எல்லோரும் போனோம். மூடுபனியில் பக்கத்து ஆள் தொப்பிகூடத் தெரியவில்லை. பேண்டுக்காரர்கள் மனப்பாடமாக வாசிக்கக்கூடியது மூன்றுதான்: வெற்றி அணிவகுப்பு, சாவு ஊர்வலம், கல்யாண வால்ட்ஸ். வெற்றி இல்லை, சாவும் இல்லை, ஆகையால் வால்ட்ஸ் என்று முடிவானது.

வண்டி நின்றது. இரண்டாம் வகுப்பிலிருந்து கீடோ பெட்டியோடு இறங்கினான், பின்னால் மார்லிஸ். பனிக்குள்ளிருந்து கல்யாண வால்ட்ஸ் வருகிறது. அவன் மார்லிஸைப் பார்த்தான், அவள் அவனைப் பார்த்தாள். பிறகு விளக்குகள் தெரிந்தன, முகங்கள் தெரிந்தன. “தப்பான வண்டியில ஏறிட்டேனோன்னு நெனச்சேன்” என்றான் அவன். பூட்டிக்கர் முன்னால் வந்து ஒரு ரொட்டி கீடோவை அவன் கையில் வைத்து, “கோவிச்சுக்காதீங்க, இருநூறு இருக்கு, யாராவது சாப்பிட்டாகணும்” என்றார். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “காது கொஞ்சம் பெருசு” என்று சொல்லி, தலையைக் கடித்தான். அப்புறம்தான் கூட்டம் சிரித்தது, கை தட்டியது, பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். மண்டபத்தில் ஏழரை மணி வரை சீஸ் உருகியது. அன்று அவன் நூறு கையாவது குலுக்கியிருப்பான். ஒவ்வொருவருக்கும் அவன்தான் ஆறுதல் சொன்னான்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் பாதியாக இருந்திருக்கும். வியாழக்கிழமை காலை மார்லிஸ் என் சட்டைகளைத் தேய்த்து எடுத்துவந்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“மாமா, நான் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க.”

“என்னம்மா?”

“போன வாரம் அவங்க கட்சிக்காரங்க மூணு பேர் வந்தாங்க. பட்டறை விஷயத்துல நீ கட்சியை விட்டுக்குடுத்தது தப்புன்னு ஒரே ஒரு வரி பத்திரிகைக்குச் சொல்லிடு, எங்க மூணு ஓட்டும் உனக்குத்தான்னாங்க. பழசுதானே, யாருக்கு ஞாபகம் இருக்கப்போகுதுன்னாங்க.”

“அவன் என்ன சொன்னான்?”

“அது தப்பில்லையேன்னார். அவங்க விடல. அப்புறம் சொன்னார்: ‘எங்கப்பா முப்பத்தொன்பது வருஷம் அந்த ஆளுங்க ஓட்ட வச்ச வண்டியில டிக்கெட் பாத்தவர். தப்புன்னு பேப்பர்ல சொல்லிட்டு, ஞாயித்துக்கிழமை அவர் எதிர்ல உக்காந்து நான் எப்படி சூப் குடிப்பேன்?’ அவ்வளவுதான். அவங்க போயிட்டாங்க.”

மூன்று பேர், அக்கா. அந்த மூன்று சீட்டும் இந்தப் பக்கம் விழுந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும். அவள் போன பிறகு நான் அந்தச் சட்டைகளை அலமாரியில் வைக்கப் போய், எவ்வளவு நேரம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன் என்று எனக்கே தெரியாது.

இன்று ஞாயிறு. வந்தான். பார்லி சூப், நானே வைத்தது. மார்லிஸ் ஜலதோஷம் என்று வரவில்லை; ஜலதோஷம் இல்லை, எங்களைத் தனியாக விட்டாள். காலை முழுக்க நான் ஒத்திகை பார்த்துவைத்திருந்தேன். ‘அன்றைக்கு நான் ஓட்டுக் கணக்கு என்று சொன்னது தவறு’ என்று தொடங்க வேண்டும். தட்டை வைத்தேன், உட்கார்ந்தேன், வாயைத் திறந்தேன். “இன்னும் ஒரு கரண்டி ஊத்தட்டுமா?” என்றுதான் வந்தது. ஊற்றினேன். அவன் குடித்தான். பிறகு அவன் கேட்டான்:

“அப்பா, ஒண்ணு கேக்கட்டுமா? இத்தனை வருஷத்துல நீங்க எப்பவாவது எனக்கு ஓட்டுப் போட்டிருக்கீங்களா?”

“ரகசிய வாக்கெடுப்பு. சட்டத்துலயே இருக்கு. நீ வக்கீல்தானே?”

சூப் மூக்கில் ஏறும்படி சிரித்தான். முதுகில் தட்டிவிட்டேன். அந்தப் பேச்சு அதோடு போய்விட்டது.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். மடத்தில் பாவ அறிக்கையைக் கேட்பது பாதிரியாரின் வேலை, உன் வேலை இல்லை என்று தெரியும், இருந்தாலும் நான் வேறு யாரிடம் போவேன். ஒரு தடவைகூட இல்லை. ஊராட்சிக்கு இல்லை, மாநிலத்துக்கு இல்லை, பேர்னுக்கு ஐந்து தேர்தலிலும் இல்லை. ஒவ்வொரு தடவையும் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவன் பெயரைப் பார்ப்பேன். அவன் எப்படியும் ஜெயிப்பான் என்று சொல்லிக்கொண்டு எங்கள் ஆளுக்கே போடுவேன். இந்தத் தடவை போட்டிருப்பேன், சத்தியமாக. இந்தத் தடவை என்னை யாரும் கேட்கவில்லை.

போகும்போது, கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னான்: “போதும்பா. இந்தப் பதவிக்காலம் முடிஞ்சதும் விலகிக்கறேன். தேனீ வளர்க்கலாம்னு இருக்கேன்.” புத்தகம்கூட வாங்கிவிட்டானாம். எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லி முடியாது. இனி இந்த வீட்டில் அரசியல் என்ற சொல்லே கிடையாது என்று தீர்மானித்துவிட்டேன். அவன் சுவரொட்டியும் வேண்டாம், எங்கள் சுவரொட்டியும் வேண்டாம். அப்பாவும் மகனுமாகப் பெட்டியைத் திறந்து தேனீ பார்ப்போம். ஈஸ்டருக்கு மூன்று பேரும் உன்னைப் பார்க்க வருகிறோம், நிச்சயம். மடத்து விருந்தினர் அறையைச் சொல்லி வை. கீழ்த்தளத்தில், என் முழங்காலுக்காக.

மடத்துத் தலைவி அம்மாவுக்கு என் மரியாதையைச் சொல். பதினேழு சிஸ்டர்களுக்கும் நன்றி, முழந்தாள் வலிக்கு என்னிடம் நல்ல தைலம் இருக்கிறது, அனுப்புகிறேன். உன்னைக் கடவுள் நூறு வயது வரை வைத்திருக்கட்டும். நான் அவரை நம்புவதில்லை, ஆனால் உன் விஷயத்தில் அவர் இதுவரை ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருக்கிறார்.

மாறாத அன்புடன்,
உன் தம்பி
அல்ஃபோன்ஸ்

பின்குறிப்பு: செவ்வாய்க்கிழமை. தபால்தலை ஒட்டிய உறையைக் கிழித்துத் திறந்து எழுதுகிறேன். மேலே எழுதியதில் ஈஸ்டர், தேனீ, நிம்மதி மூன்றையும் அடித்துவிடு. அந்த ஃபியூஸ் விவகாரத்தில் ஊர் கேலி தாங்காமல் கிஸ்லிங் நேற்று ஊராட்சித் தலைவர் பதவியை விட்டுவிட்டார். லிபரல் கட்சியில் நிற்க வேறு ஆள் இல்லை. இன்று காலை கீடோ அந்தப் பதவிக்கான வேட்புத்தாளோடு வந்து நிற்கிறான். “மண்டபத்து மின்கம்பியை யாராவது சரி பண்ணியாகணுமேப்பா” என்கிறான். மார்லிஸ் பின்னாலேயே வந்து, “மாமா, நீங்களாவது வேண்டாம்னு சொல்லுங்க” என்றாள். சொல்லத்தான் எழுந்தேன். ஈஸ்டர் வாரம்தான் வாக்குப்பதிவு. வேட்புத்தாளில் ஊர்க்காரர்கள் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். ஒருவர் ஒரு கட்சித் தாளில்தான் கையெழுத்துப் போடலாம். எங்கள் கட்சித் தாளை எடுத்துக்கொண்டு நூஸ்பவுமர் வெள்ளிக்கிழமை வருவான், அவனிடம் என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. லிபரல் கட்சித் தாளில் முதல் கோட்டில் என் பெயரை முழுதாக எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன். கீடோ தாளை மடிக்கவில்லை. அதை வாய்க்குக் கிட்டே பிடித்து, மை காயட்டும் என்று ஊதிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். ரொம்ப நேரம் ஊதினான். பால்பாயிண்ட் பேனா, அக்கா. அதில் காய்வதற்கு என்ன இருக்கிறது?